கோச்சைத் தூக்கியது சரியா? என்பிஏ விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் ஒரு தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தால், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிய அரை மணி நேரம் போதும். ‘எப்பவோ தூக்கியிருக்கணும்’ என்பது ஒரு கட்சி. ‘நன்றி கெட்ட நிர்வாகம்’ என்பது இன்னொரு கட்சி. எதிரெதிராக நின்றாலும் இரண்டு பேரும் விடை தேடுவது ஒரே கேள்விக்குத்தான்: அந்த ஆள் நல்ல கோச்சா, இல்லையா? நிர்வாகம் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் கேள்வி பெரும்பாலும் வேறு. கையில் இருக்கும் இதே வீரர்களை வைத்து அடுத்த சீசனில் இவரைவிட இன்னொருவர் கூடுதலாக எதையாவது சாதிப்பாரா? அந்த இன்னொருவர் யார்? கூப்பிட்டால் வருவாரா? மொத்தத்தில் எவ்வளவு செலவாகும்? இந்தக் கணக்கை மறந்துவிட்டு நடக்கும் வாதங்களில் சில தவறுகள் ஒவ்வொரு ஆண்டும் அச்சு மாறாமல் திரும்பி வருகின்றன.

“வேலை போச்சா? அப்ப சரக்கில்லை”

2019 முதல் 2023 வரை கோப்பை வென்ற ஐந்து பயிற்சியாளர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவின் நிக் நர்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸின் ஃபிராங்க் வோகல், மில்வாக்கியின் மைக் புடன்ஹோல்சர், கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீவ் கெர், டென்வரின் மைக்கேல் மலோன். இவர்களில் கெர்ரைத் தவிர நால்வரையும், கோப்பை வாங்கித் தந்த அதே அணிதான் நீக்கியது. வோகலுக்கும் புடன்ஹோல்சருக்கும் கோப்பைக்குப் பிறகு கிடைத்தது இரண்டு சீசன். மலோனுக்கு அந்த இரண்டாவது சீசனும் முழுதாகக் கிடைக்கவில்லை. 2025 ஏப்ரல் 8 அன்று, 47 வெற்றி 32 தோல்வி என்று அணி நின்றிருந்தபோது, வழக்கமான சீசனில் மூன்றே ஆட்டங்கள் பாக்கி இருக்கும் நிலையில் அவரை அனுப்பினார்கள். டென்வரின் வரலாற்றில் அதிக வெற்றிகள் பெற்ற பயிற்சியாளர் அவர்.

‘ஆண்டின் சிறந்த பயிற்சியாளர்’ விருதின் கதை இன்னும் வேடிக்கை. 2018-இல் டுவேன் கேசி, 2019-இல் புடன்ஹோல்சர், 2020-இல் நர்ஸ், 2021-இல் டாம் திபடோ, 2022-இல் மான்ட்டி வில்லியம்ஸ், 2023-இல் மைக் பிரவுன். தொடர்ந்து ஆறு பேர். ஆறு பேரையும் விருது வாங்கிய அதே அணி பின்னர் நீக்கியது. ‘பின்னர்’ என்று சொல்வதுகூட கேசி விஷயத்தில் பொருந்தாது. டொராண்டோ அவரை 2018 மே மாதமே அனுப்பிவிட்டது. விருதை அவர் ஜூன் மாதம் வாங்கியபோது டெட்ராய்ட்டின் கோச்சாகிவிட்டிருந்தார்.

விருதுக்குச் சாபம் ஏதும் இல்லை. பத்திரிகையாளர்கள் வழக்கமான சீசனை மட்டும் வைத்து அளிக்கும் வாக்கு அது. நடைமுறையில், எதிர்பார்த்ததைவிட அதிகம் ஜெயித்த அணியின் கோச்சுக்குப் போகிறது. ஜெயித்ததும் அடுத்த ஆண்டின் எதிர்பார்ப்பு ஏறிவிடும். அதே 50 வெற்றி முதல் ஆண்டில் அதிசயம்; மூன்றாம் ஆண்டில் ‘இதுக்கு மேல இவரால முடியாது’.

இதற்கு அடியில் பணத்தின் கதையும் இருக்கிறது. வீரர்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் உத்தரவாதமானவை, லீகின் சம்பள உச்சவரம்புக்குள் வருபவை. அணி தடுமாறுகிறது என்பதற்காகப் பதினைந்து பேரை மாற்ற முடியாது. பயிற்சியாளரின் சம்பளமோ அந்த உச்சவரம்புக் கணக்கில் வருவதே இல்லை. உரிமையாளர் தன் பையில் கைவிடத் தயாராக இருந்தால் நாளைக் காலையே மாற்றலாம். ஆகவே ஒரு நீக்கச் செய்தியைப் படிக்கும்போது, இந்த அணியால் வேறு எதை மாற்ற முடிந்திருக்கும் என்று முதலில் பாருங்கள்.

ஃபீனிக்ஸ் சன்ஸ் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 2023 பிப்ரவரியில் கெவின் டுரான்ட்டையும் அதே ஆண்டு கோடையில் பிராட்லி பீலையும் கொண்டுவந்தார்கள். பீலின் ஒப்பந்தத்தில், அவர் சம்மதிக்காமல் அவரை வேறு அணிக்கு அனுப்ப முடியாது என்ற ஷரத்து இருந்தது. நகர்த்த முடியாத சம்பளங்கள், கையிருப்பில் இல்லாத டிராஃப்ட் வாய்ப்புகள் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை; அதிகம் தோற்கும் அணிக்கு முன்னுரிமை). விளைவு, 2023-இல் வில்லியம்ஸ், 2024-இல் வோகல், 2025-இல் புடன்ஹோல்சர் என்று மூன்று கோடையில் மூன்று பயிற்சியாளர்கள் வெளியே. இவர்களில் இருவர் கோப்பை வென்றவர்கள், ஒருவர் 2021-இல் இதே அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர். மூவருக்கும் ஒரே நேரத்தில் வித்தை மறந்துபோயிற்று என்று நம்புவது கஷ்டம்.

“அடுத்தவர் கோப்பை வாங்கிட்டார், பாத்தியா?”

நீக்கம் சரி என்று நிறுவ எடுத்துக்காட்டப்படும் முதல் பெயர் டொராண்டோதான். கேசியின் கடைசி சீசனில் 59 வெற்றி, அது அப்போது அணியின் சாதனை. வழக்கமான சீசனுக்குப் பின், ஏழில் நான்கு ஆட்டம் ஜெயித்தவர் முன்னேறும் சுற்றுகளான பிளேஆஃபில், லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்திடம் 0-4. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அவர்களை வெளியேற்றியது அதே லெப்ரான். கேசியை அனுப்பி, அவருடைய உதவியாளர் நர்ஸைத் தலைமைக்கு உயர்த்தினார்கள். 2019-இல் கோப்பை.

நடுவில் விட்டுப்போனவை மூன்று. 2018 ஜூலையில் டிமார் டிரோசனைக் கொடுத்து, லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான கவாய் லெனார்டை வாங்கினார்கள். கூடவே டேனி கிரீனும் வந்தார். சீசன் நடுவில் மார்க் கசோல் சேர்ந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக லெப்ரான் லேக்கர்ஸுக்குப் போய்விட்டதால், கிழக்குப் பிரிவில் மூன்று ஆண்டு வழிமறித்த மனிதரே அங்கே இல்லை. அப்படியிருந்தும் பிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் லெனார்ட் கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்துவிட்டுத்தான் உள்ளே விழுந்தது. அது வெளியே விழுந்திருந்தால் ‘கேசியைத் தூக்கியது மடத்தனம்’ என்று இன்றும் எழுதிக்கொண்டிருப்போமோ என்னவோ. நர்ஸ் அந்த பிளேஆஃப் முழுக்கத் தற்காப்பை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக் காட்டினார் என்பதும் உண்மை. அதைப் பாராட்டலாம், அதற்காக 2018 மே மாத முடிவுக்கு 2019 ஜூன் மாதக் கோப்பையைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

கோல்டன் ஸ்டேட்டின் 2014 மாற்றம் இதைவிட வலுவான ஆதாரம் என்பேன். மார்க் ஜாக்சனின் கீழ் 51 வெற்றி. கெர் வந்த முதல் ஆண்டே 67 வெற்றி, கோப்பை. பெரிய டிரேடு (வீரர் பரிமாற்றம்) எதுவும் நடக்கவில்லை. முந்தைய சீசனில் லீகிலேயே மிகக் குறைவாகப் பந்தைக் கைமாற்றிய அணி, கெர் வந்தபின் பந்தை ஓரிடத்தில் நிற்க விடாத அணியாயிற்று. ஒரு பயிற்சியாளர் மாறியதால் ஆட்டம் மாறியது என்று கையை வைத்துச் சொல்லக்கூடிய அபூர்வமான இடம் இது. இங்கேயும் இரண்டு அடிக்குறிப்பு உண்டு. கெர் பெற்றுக்கொண்ட தற்காப்பு, ஜாக்சன் ஏற்கெனவே லீகின் முன்வரிசைக்குக் கொண்டுவந்து வைத்திருந்த தற்காப்பு. அடுத்து, தொடக்க ஆட்டக்காரர் டேவிட் லீ காயம்பட்டதால்தான் டிரேமண்ட் கிரீன் தொடக்க ஐவரில் இடம்பிடித்தார்.

எதிர்த்திசையிலும் இதே கவனம் தேவை. 2024 ஜனவரியில் மில்வாக்கி, 30-13 (30 வெற்றி, 13 தோல்வி) என்ற கணக்கில் இருந்த ஏட்ரியன் கிரிஃபினை நீக்கியது. டாக் ரிவர்ஸ் வந்தபின் 17-19. முதல் சுற்றிலேயே வெளியேற்றம். ‘பார்த்தீர்களா, தப்பு’ என்பார்கள். ஆனால் அந்த முதல் சுற்றில் அணியின் பெரிய நட்சத்திரம் யானிஸ் காயத்தால் ஆடவே இல்லை. அதுபோக, 30-13 என்ற எண்ணுக்குப் பின்னால் தற்காப்பு முந்தைய ஆண்டுகளைவிடக் கண்கூடாகச் சரிந்திருந்தது. வெற்றிக் கணக்கு நன்றாக இருக்கும்போதே ஒருவரை நீக்குவது பைத்தியக்காரத்தனம் என்றால் 2016 ஜனவரியில் கிளீவ்லாந்து 30-11 என்று இருந்த டேவிட் பிளாட்டை நீக்கியதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் டைரோன் லூவின் தலைமையில் அதே அணி 1-3 என்று பின்தங்கிய இறுதிச் சுற்றை, 73 ஆட்டங்கள் ஜெயித்திருந்த கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராகத் திருப்பியது.

ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றாக வேண்டுமா?

2024 கோடையில் நடந்த இரட்டை மாற்றத்தைப் பற்றி ரசிகர்கள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் குறை.

கிளீவ்லாந்து, 48-34 என்று முடித்து இரண்டாம் சுற்றில் பாஸ்டனிடம் தோற்றபின் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபை அனுப்பியது. கென்னி அட்கின்சன் வந்தார். அடுத்த சீசனில் ஏறக்குறைய அதே வீரர்களுடன் 64-18; சிறந்த பயிற்சியாளர் விருதும் அவருக்கே. இதோடு நிறுத்தினால் பிக்கர்ஸ்டாஃப்தான் அணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் என்ற முடிவு தானாக வந்துவிடும்.

அந்த பிக்கர்ஸ்டாஃப் டெட்ராய்ட்டுக்குப் போனார். அங்கே முந்தைய ஆண்டு மான்ட்டி வில்லியம்ஸின் கீழ் 14-68, அதில் தொடர்ந்து 28 தோல்விகள். ஒரே சீசனில் அத்தனை தொடர்தோல்வி என்பிஏ வரலாற்றிலேயே கிடையாது. பிக்கர்ஸ்டாஃபின் முதல் சீசனில் டெட்ராய்ட் 44-38 என்று முடித்து பிளேஆஃபுக்குள் நுழைந்தது.

ஆக, ‘சரக்கில்லாதவர்’ வந்து ஓர் அணியை முப்பது வெற்றி உயர்த்தினார். அவர் விட்டுப்போன அணியும் பதினாறு வெற்றி உயர்ந்தது. நல்லவர், கெட்டவர் என்று இரண்டே பெட்டி வைத்திருப்பவர்களால் இதை எங்கும் போட முடியாது. டெட்ராய்ட்டில் தேவைப்பட்டது ஒழுங்கு, தற்காப்பு, இளம் வீரர்களுக்குத் தெளிவான வேலைப் பங்கீடு. கிளீவ்லாந்தில் அதையெல்லாம் கட்டி முடித்தவர் பிக்கர்ஸ்டாஃப். கிளீவ்லாந்துக்கு அடுத்துத் தேவைப்பட்டது வேகமும், எவான் மோப்லியின் கையில் பந்தைக் கூடுதலாகக் கொடுக்கும் தாக்குதலும். அதை அட்கின்சன் கொண்டுவந்தார். இடத்துக்கு ஏற்ற ஆள் என்பது பழைய விஷயம்தான். ஆனால் விவாதத்தில் முதலில் தொலைவதும் அதுதான்.

வீரர்களின் நிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிக்கர்ஸ்டாஃபின் கடைசி ஆண்டில் டேரியஸ் கார்லண்டின் தாடை உடைந்தது, மோப்லிக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை. இருவரும் வாரக்கணக்கில் வெளியே. டெட்ராய்ட்டிலோ பிக்கர்ஸ்டாஃபோடு சேர்ந்து டொபாயஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் எல்லாரும் வந்தார்கள். முந்தைய ஆண்டு மூன்று புள்ளி எறிய ஆளில்லாமல் அணியின் நட்சத்திரம் கேட் கனிங்ஹாம் நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு வழி திறந்தது. கடைசியாக ஒன்று: 64 ஆட்டம் ஜெயித்த அட்கின்சனின் அணி, 48 ஆட்டம் ஜெயித்த பிக்கர்ஸ்டாஃபின் அணி வெளியேறிய அதே இரண்டாம் சுற்றில், அதே 1-4 கணக்கில் வெளியேறியது. அந்த முறையும் காயங்கள்.

“புது ஆள் வந்ததும் ஜெயிக்கிறாங்க!”

மலோன் போனதும் உதவியாளர் டேவிட் அடெல்மன் பொறுப்பேற்று, மீதி மூன்று ஆட்டங்களையும் ஜெயித்தார். உடனே ‘அணிக்குள் காற்று மாறிவிட்டது’ என்று பேச்சு. மாறியிருக்கலாம். ஆனால் மலோனை அனுப்பியபோது டென்வர் தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்றிருந்தது. முக்கிய ஆட்டக்காரர் ஜமால் மர்ரே காயத்தில் இருந்தார். அந்த மூன்று ஆட்டங்களின் நடுவில்தான் அவர் திரும்பினார்.

யாரையும் நல்ல வாரத்தில் நீக்குவதில்லை. நீக்கம் நடப்பது பள்ளத்தின் அடியில். அந்தப் பள்ளத்தில் ஒரு பகுதி கோச்சின் குறை, ஒரு பகுதி காயம், ஒரு பகுதி வெறும் துரதிர்ஷ்டம். கூடைப்பந்தில் இந்தக் கடைசிப் பகுதி நினைப்பதைவிடப் பெரிது. எதிரணி எறியும் மூன்று புள்ளிப் பந்துகள் விழுவதையும் தவறுவதையும் எந்தப் பயிற்சியாளரும் பெரிய அளவில் கட்டுப்படுத்த முடியாது. தன் அணி எறிவதுகூட அப்படித்தான்: 2018 மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் தொடர்ந்து 27 மூன்று புள்ளி எறிதல்களைத் தவறவிட்டது. 65 ஆட்டம் ஜெயித்த அணி. அது மைக் டி’ஆன்டனியின் தத்துவம் தோற்ற நாள் என்றார்கள். அந்த 27-இல் நாலைந்து விழுந்திருந்தால் அதே தத்துவத்துக்கு மாலை போட்டிருப்பார்கள்.

பள்ளத்தின் அடியிலிருந்து எந்த அணியும் ஓரளவு தானாகவே மேலேறும், கோச் மாறினாலும் மாறாவிட்டாலும். எனவே இடைக்காலப் பயிற்சியாளரின் முதல் பத்து ஆட்டங்களை வைத்து எதுவும் பேச வேண்டாம். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் வெற்றி தோல்வியை விட்டு, புள்ளி வித்தியாசத்தையும் எதிரணிகளின் தரத்தையும் பாருங்கள். அடெல்மன் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தந்தது அந்த மூன்று வெற்றிகளல்ல. பிளேஆஃபில் கிளிப்பர்ஸ் அணியை ஏழு ஆட்டத்தில் வென்றுவிட்டு, அந்த ஆண்டின் கோப்பையை வென்ற ஒக்லஹோமா சிட்டியை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. டென்வர் அவரை நிரந்தரமாக்கியதும் அதற்குப் பிறகுதான்.

அணியைக் கட்டியவர் யார்?

டென்வர் அன்று இரண்டு பேரை அனுப்பியது. வீரர்களைத் தேர்ந்தெடுத்து அணியைக் கட்டும் ஜெனரல் மேனேஜர் கால்வின் பூத்தும் வெளியே போனார். இதைச் சொல்லாமல் மலோனைப் பற்றி மட்டும் பேசுவது பாதி விவாதம். 2023 கோப்பைக்குப் பிறகு புரூஸ் பிரவுன் போனார், அடுத்த ஆண்டு கென்டேவியஸ் கால்ட்வெல்-போப் போனார். சம்பளக் கட்டுப்பாடு ஒரு பக்கம் இறுக்க, போனவர்களின் இடத்தை டிராஃப்டில் எடுத்த இளைஞர்கள் நிரப்புவார்கள் என்பது பூத்தின் திட்டம். மலோனோ அனுபவசாலிகளை நம்புபவர். இளைஞர்களுக்கு நிமிடங்கள் கொடுக்க மனம் வராதவர். ஒருவர் வாங்கிய சரக்கை இன்னொருவர் கடையில் வைக்கவில்லை. இதில் யார் குற்றவாளி என்பதற்கு எளிய பதில் இல்லை, உரிமையாளர் தரப்பும் இருவரையும் சேர்த்தே அனுப்பியதிலிருந்து அது தெரிகிறது.

நடைமுறைக்கு ஒரு வழி சொல்கிறேன். தோல்விக்கான காரணங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யார் கையில் இருந்தது என்று குறியுங்கள். யார் எத்தனை நிமிடம் ஆடுகிறார்கள், எந்த வகை எறிதல்களை அணி தேடுகிறது, தற்காப்பு முறை, ஓர் இளைஞர் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறுகிறாரா என்பதெல்லாம் பெரும்பாலும் கோச் கையில். மாற்று ஆட்டக்காரர் வரிசையில் மூன்று புள்ளி எறிய ஆளே இல்லை என்பது மேனேஜர் கையில். முழங்கால் தசைநார் யார் கையிலும் இல்லை.

டிவியில் தெரிவது மட்டும்தான் வேலையா?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அங்கே களத்துக்குள் முடிவெடுப்பவர் கேப்டன். கோச் மேலே உட்கார்ந்து குறிப்பெழுதுபவர். கூடைப்பந்தில் ஆளை மாற்றுவது, டைம்அவுட் கேட்பது, அடுத்த நகர்வை வரைந்து காட்டுவது எல்லாம் கோட்டோரம் நிற்கும் கோச். கேமரா அவர் முகத்திலேயே நிற்பதால், அவருடைய வேலை முழுக்க அந்த 48 நிமிடத்தில்தான் நடக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

2023-இல் எட்டாவது இடத்திலிருந்து வந்த மயாமியிடம் 58 வெற்றி பெற்ற மில்வாக்கி முதல் சுற்றில் 1-4 என்று தோற்றது. ஐந்தாவது ஆட்டத்தின் கடைசியில் கையில் டைம்அவுட் இருந்தும் புடன்ஹோல்சர் கேட்கவில்லை. அந்த ஒரு காட்சிதான் அவருடைய நீக்கத்துக்கான காரணம்போல் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. தவறுதான், மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தொடரில் யானிஸ் முதல் ஆட்டத்திலேயே முதுகில் அடிபட்டு இரண்டு ஆட்டங்களை முழுதாகத் தவறவிட்டார். புடன்ஹோல்சரின் சகோதரர் அந்தத் தொடரின்போது விபத்தில் இறந்திருந்தார். பலருக்கு அது பின்னால்தான் தெரியவந்தது. இதைச் சொல்வது மன்னிப்புக் கேட்க அல்ல. நமக்குத் தெரிவது எவ்வளவு குறைவு என்பதற்காகச் சொல்கிறேன்.

இதே காரணத்தால் ‘லாக்கர் ரூமை இழந்துவிட்டார்’ என்ற வரியைக் கண்டால் ஒரு அடி பின்னால் நில்லுங்கள். பெயர் சொல்லாத அந்த ‘வட்டாரம்’ ஒரு வீரரின் ஏஜென்ட்டாக இருக்கலாம், அடுத்த வேலைக்கு முயலும் ஒருவரின் ஏஜென்ட்டாகவும் இருக்கலாம், நீக்கத்துக்கு முன்பே தரையைத் தயார்செய்யும் நிர்வாகமாகவும் இருக்கலாம். பொய் என்று சொல்லவில்லை. யாருக்கு அது வசதி என்று மட்டும் கேளுங்கள்.

“தூக்கு” என்பவர், யாரைக் கொண்டுவருவது என்றும் சொல்ல வேண்டும்

நியூயார்க் நிக்ஸ் 2025-இல், 2000-க்குப் பிறகு முதல்முறையாகக் கிழக்குப் பிரிவு இறுதியை எட்டியது. தோற்ற சில நாளில், ஜூன் 3 அன்று, திபடோவை நீக்கியது. நீக்கியதற்கு நியாயம் இருந்தது என்பது என் கட்சி. தொடக்க ஆட்டக்காரர்களை அவர் அளவுக்கு மீறி ஆட வைத்தார். மிகால் பிரிட்ஜஸ் அந்த சீசனில் லீகிலேயே அதிக நிமிடம் ஆடியவர். இந்தியானாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் 14 புள்ளி முன்னிலையை விட்டுத் தோற்றார்கள். மாற்று வீரர்களைச் சீசன் முழுக்கப் பழக்காத அணி, தேவைப்பட்ட நாளில் அவர்களை நம்ப முடியாமல் நின்றது.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். வேறு அணிகளில் ஒப்பந்தத்தில் இருக்கும் பயிற்சியாளர்களிடம் பேச அனுமதி கேட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மறுப்பு வாங்கினார்கள். டாலஸின் ஜேசன் கிட், ஹூஸ்டனின் இமே உடோக்கா, மினசோட்டாவின் கிறிஸ் ஃபின்ச் என்று செய்திகளில் பெயர்கள் ஓடின. ரசிகர் விவாதங்களிலும் இதே பட்டியல்தான் ஓடும்: வர முடியாதவர்களின் பட்டியல். கற்பனையில் இருக்கும் சிறந்த கோச்சோடு ஒப்பிட்டால் எவரும் தேறமாட்டார். சந்தையில் உண்மையாகக் கிடைக்கும் மூன்று நான்கு பேரோடு ஒப்பிடுவதே நியாயம்.

பெரிய பெயரும் பெரிய சம்பளமும் பாதுகாப்பு தருவதில்லை. வில்லியம்ஸுக்கு டெட்ராய்ட் 2023-இல் கொடுத்தது ஆறு ஆண்டுக்கு 7.85 கோடி டாலர். அப்போது எந்த என்பிஏ பயிற்சியாளருக்கும் கிடைக்காத ஒப்பந்தம் என்று எழுதினார்கள். ஒரே ஆண்டில் அனுப்பியபோது ஏறக்குறைய 6.5 கோடி டாலர் பாக்கி நின்றது.

முன்னாள் நட்சத்திர வீரர் வேண்டுமா, அனுபவம் வேண்டுமா என்ற சண்டையில் இரண்டு பக்கமும் தனக்கு வசதியான பெயரை மட்டும் எடுக்கும். பயிற்சியாளர் அனுபவமே இல்லாமல் வந்தவர் கெர், வென்றார். அதே ஆண்டு அதே மாதிரி நியூயார்க்குக்கு வந்த டெரெக் ஃபிஷர் 40-96 என்ற கணக்கோடு ஒன்றரை சீசனில் போனார். மயாமியின் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா வீடியோ அறையில் தொடங்கியவர். என்பிஏ-வில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. இந்த வகையில் யாருடைய ஜாதகமும் ஒன்றும் சொல்லாது.

பொறுமைக்கும் கணக்கு உண்டு

‘நேரம் கொடுங்கள்’ என்பவர்கள் இப்போதெல்லாம் மார்க் டேக்னோவைக் காட்டுகிறார்கள். ஒக்லஹோமா சிட்டியில் அவருடைய முதல் இரண்டு சீசன் 22-50, 24-58. ஐந்தாவது சீசனில் 68-14, கோப்பை. அழகான கதை. ஆனால் பிலடெல்ஃபியாவின் பிரெட் பிரவுனுக்கும் இதே பொறுமை கிடைத்தது: முதல் மூன்று சீசனில் 47-199. பிறகு ஐம்பதுக்கு மேல் வெற்றி பெற்ற சீசன்கள் வந்தன; இரண்டாம் சுற்றைத் தாண்டவே இல்லை; 2020-இல் நீக்கம். பொறுமை பலித்த கதைகளை மட்டும்தான் நாம் திரும்பச் சொல்கிறோம்.

அந்த ஆண்டுகளில் இரண்டு அணிகளும் ஜெயிப்பதற்காகக் கட்டப்பட்டவையே அல்ல, டிராஃப்டில் நல்ல இடம் பிடிக்கவே காத்திருந்தன. எனவே மறுகட்டமைப்புக் காலத்தின் வெற்றி தோல்விக் கணக்கை ஒரு கோச்சுக்கு ஆதரவாகவும் எடுக்காதீர்கள், எதிராகவும் எடுக்காதீர்கள். சான் அன்டோனியோவில் கிரெக் பாப்போவிச் 1996 டிசம்பரில் பொறுப்பேற்று அந்த சீசனில் 17-47 என்று முடித்தார். டேவிட் ராபின்சன் காயத்தில் இருந்தார். அந்தத் தோல்விகள் கொடுத்த டிராஃப்ட் வாய்ப்பில் வந்தவர் டிம் டங்கன். பாப்போவிச் 2025-இல் விலகியபோது 1,422 வெற்றிகளோடு லீக் வரலாற்றில் முதலிடம்.

இனி மைக் பிரவுன். கிளீவ்லாந்து அவரை 2010-இல் நீக்கியது. லேக்கர்ஸ் 2012-இல் சீசனின் ஐந்தே ஆட்டம் முடிந்த நிலையில் நீக்கியது. கிளீவ்லாந்து மறுபடி கூப்பிட்டு 2014-இல் மறுபடி நீக்கியது. சாக்ரமென்டோவின் பதினாறு ஆண்டு பிளேஆஃப் பஞ்சத்தை 2023-இல் முடித்துவைத்தார். 2024 டிசம்பரில், 13-18 என்று இருந்தபோது, அங்கேயும் நீக்கம். நடுவே இரண்டு முறை சிறந்த பயிற்சியாளர் விருது. 2025 ஜூலையில் நியூயார்க், திபடோவின் இடத்துக்குத் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். இவருடைய வேலையை எடைபோட விரும்புபவர்கள் திபடோவின் 51 வெற்றியோடு ஒப்பிடுவதில் தொடங்க வேண்டாம். தொடக்க ஐவரின் நிமிடங்கள் குறைந்தனவா, ஆறாவது முதல் ஒன்பதாவது வரையிலான ஆட்டக்காரர்கள் ஜனவரியிலேயே நெருக்கடியான நேரத்தில் களத்தில் இருந்தார்களா, அணியின் நட்சத்திரம் ஜேலன் பிரன்சன் கையில் பந்து இல்லாதபோதும் அணி புள்ளி எடுத்ததா என்று பாருங்கள். அவரை எடுத்தது அதற்காக.